கறுப்பிக்கு வந்த மாப்பிள்ளை

வதனி: விதை முழுக்க நீ கொண்டு போ எண்டு சொல்லுறன்.

நஸீபா: எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ.

வதனி: சரி, பாதியாவது...

நஸீபா: பாதியும் வேணாம் புள்ள.

வதனி: இஞ்ச பாரு நஸீபா, மூண்டு மாசமாத் தபால் கந்தோர்ல என்னோட சண்டை பிடிச்சது ஆரு? "காய்ல பாதி எனக்கு, விதையில பாதி எனக்கு" எண்டு, முத்திரை குத்துற சத்தத்துக்கு மேலால கத்தினாய். பென்சன் எடுக்க வந்த நல்லரத்தினம் மாஸ்டர் ஏதோ காணிச் சண்டையாக்கும் எண்டு நினைச்சு, ஒரு சட்டத்தரணிட நம்பரை எழுதித் தந்திட்டுப் போனார். இப்பவும் கிடக்கு அந்தத் துண்டு, மேசை லாச்சிக்குள்ள.

நஸீபா: அது அப்ப.

வதனி: இப்ப என்ன வந்திச்சு?

நஸீபா: இப்ப யோசிச்சுப் பாத்தன். நீ சொன்னதுதான் சரி. காய் பிடிச்சது உன்ட கறுப்பு அடீனியம், உன்ட கறுப்பியில. பிள்ளை தாய்ட குடி. நம்மட பக்கத்தில ஆரு தகப்பன்ட குடியச் சொல்லுறான்? மாப்புள்ள வந்தவன். வந்தவன்ட ஆக்கள் வாசல்ல நிண்டு பங்கு கேட்டா அழகா இருக்குமா...

வதனி: அதத்தானே நான் தொண்டை கிழியச் சொன்னன். ஆரையம்பதியிலயும் அதுதான், உங்கட காத்தான்குடியிலயும் அதுதான். வீடு பொண்ணுட. மாப்பிள்ளை பெட்டியோட வந்து இரிக்கிறவன். உன்ட மஞ்சள் மரத்துட பூந்தூள் மாப்பிள்ளையா வந்திச்சு, அவ்வளவுதான் எண்டன். அப்ப நீ என்ன சொன்னாய்? "மரத்துக்கு என்னடி குடியும் கோத்திரமும்" எண்டாய்.

நஸீபா: இப்ப மரத்துக்கும் குடி இரிக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறன்.

வதனி: நான் இப்ப இல்ல எண்டு ஒத்துக்கொள்ளுறன். பையக் கொண்டா.

நஸீபா: ... என்ன புழுக்கம் இது. குசினிக்குள்ள வெந்து சாகிறன். அந்த ஃபேனைப் போடன்.

வதனி: உனக்கு என்ன விசரா? கதவையே நான் சாத்தி வெச்சிருக்கன். மேசையில என்ன கிடக்கெண்டு பாத்தியா? ஒவ்வொரு விதைக்கும் ரெண்டு நுனியிலயும் பஞ்சு. மூச்சு விட்டாலே எழும்புது. நுளம்பு வலையால காயைக் கட்டி வைக்காட்டி இந்தக் கடல் காத்துக்கு இந்நேரம் வாவிக்கு அங்கால போயிருக்கும், கொக்கட்டிச்சோலையிலதான் போய்ப் பொறுக்கியிருக்கணும்.

நஸீபா: காய் அப்படியே ஆட்டுக்கொம்பு மாதிரித்தான் இரிக்கு, என்ன? சோடியா.

வதனி: ... ஓம். கொம்பு மாதிரித்தான்.

நஸீபா: என்னடி, முகத்தைச் சுழிக்கிறாய்.

வதனி: ஒண்டும் இல்ல. வேர்வை கண்ணுக்குள்ள போயிட்டு. எத்தனை எண்ணினாய்?

நஸீபா: இந்தக் கொம்பில நாப்பத்தியொண்டு. மத்ததில முப்பத்தியேழு எண்டாய்.

வதனி: எழுபத்தியெட்டு. ரெண்டு வருசமாப் பாத்துப் பாத்து, ஒரு பிஞ்சு கூட நிக்காம விழுந்த மரத்தில எழுபத்தியெட்டு. எல்லாம் உனக்கு.

நஸீபா: வதனி, நீ இப்படி அள்ளித் தாற ஆளில்லயே. ஒரு கிள்ளுக் கொப்புத் தரவே மூண்டு தரம் யோசிப்பாய்.

வதனி: சஹ்லாட வாசலுக்கு எண்டுதானே இவ்வளவு பாடும். நீதானே சம்பந்திக்காரி ஹஸீனாட்டப் போய், "உலகத்தில ஒருத்தர்ட்டயும் இல்லாத பூ, கறுப்பில மஞ்சள் கீறு, என்ட மகள்ட புது வீட்டுக் கேற்றில ரெண்டு பக்கமும் ரெண்டு சாடி" எண்டு சொல்லிட்டு வந்தாய். கல்யாணம் அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு. இப்ப போட்டாத்தான் அதுக்குள்ள பூக்கும். அதால எல்லாத்தையும் நீ போடு. நான் வெச்சு என்ன செய்ய?

நஸீபா: நான் சொல்லாம இருந்திருக்கலாம்.

வதனி: என்ன?

நஸீபா: இல்ல... ஹஸீனாக்கு. வாய் சும்மா கிடக்காம சொல்லிட்டன். அவ எங்க போனாலும் கதைக்கிறா. பள்ளிவாசலுக்கு முன்னால கடை வெச்சிருக்கிற ஸாஹிர் கூட "அந்தக் கறுப்புப் பூ எப்ப வருது" எண்டு கேக்கிறான். நிறம் மாறிப் பூத்தா என்ட முகத்தை எங்க கொண்டு வைக்கிற?

வதனி: நிறம் மாறலாம்தான். விதைக்கண்டு எண்டா அப்படித்தான், ஒண்டும் அறுதியாச் சொல்லேலா.

நஸீபா: அதத்தான் நானும் சொல்லுறன். சொல்லேலா.

வதனி: சில நேரம் பாட்டன் பூட்டன்ட நிறம் வரும்.

நஸீபா: சும்மா ரோசாவாக் கூட வரும்.

வதனி: ஓம், ரோசாவாக் கூட... நீ ஏன் ரோசா எண்டு சொன்னாய்?

நஸீபா: சும்மா சொன்னன். நீ ஏன் கேட்டாய்?

வதனி: சும்மா கேட்டன். தேத்தண்ணி குடிப்பமா?

நஸீபா: இந்தச் சூட்டுக்கா? ஒண்டு செய்வம். நான் ஒருக்கா மேல, வீட்டுக் கூரைச் சிலாப்பில ஏறிக் கறுப்பியப் பாத்திட்டு வாறன். பாத்து எத்தனை நாள். ஹஜ்ஜுக்கு முன்ன இஞ்ச வளவுல நிண்ட நேரம் பாத்ததுதான்.

வதனி: முழங்கால் நோவோட ஏணியில ஏறப் போறியா? விழுந்தா உன்ட மனிசன் மர்சூக் நானாக்கு ஆர் பதில் சொல்லுற?

நஸீபா: இப்ப கால் பரவாயில்ல. எண்ணெய் பூசுறன்.

வதனி: ஏணிதான் சரியில்ல. மூண்டாம் படி உளுத்துப் போய்க் கிடக்கு.

நஸீபா: நீ காலையில ஏறித்தானே காயை இறக்கினாய்?

வதனி: நான் மூண்டாம் படிய விட்டிட்டுத் தாண்டி ஏறுறனான். உனக்கு அது ஏலாது. இரி, கதவு தட்டுற சத்தம்... நானாவாக்கும்.

மர்சூக்: வதனி... தங்கச்சி, கேற்றடியில என்னமோ செத்துக் கிடக்கு. எலியோ பூனையோ தெரியல்ல. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தன்.

வதனி: செத்ததில்ல நானா, பூத்தது. மதிலுக்குக் கீழால பெரிய நட்சத்திரம் மாதிரி மயிர் பிடிச்ச பூ ஒண்டு நிக்குதே, அதான். அதுக்கு ஈதான் பூந்தூள் காவுற. பிணநாத்தம் அடிச்சாத்தானே ஈ வரும். பாத்தீங்களா, எத்தனை ஈ நிண்டிச்சு?

மர்சூக்: மீன் சந்தையில நிக்கிற அவ்வளவும் நிண்டிச்சு.

வதனி: நல்லது, நல்லது. அங்கயும் காய் பிடிக்கும்.

மர்சூக்: நஸீபா, ரெண்டு பேரும் படிச்ச மனிசர்தானே? ஒருத்தி கையில தூண்டில் தங்கூசி நரம்பை வெச்சுக்கொண்டு பூவைக் கிண்டுறா, மத்தவ ஈ வந்தா நல்லது எண்டுறா. என்ன இது, கதவைச் சாத்திப் புகையில அவிச்ச மாதிரி... மனிசர் இருக்கிற இடமா? ஃபேன் சுவிச்சு எங்க, இதா?

வதனி: நானா, வேணாம்...

நஸீபா: போடாதீங்க, போடாதீங்க... அல்லாஹ்.

வதனி: நிப்பாட்டுங்க, நானா. நிப்பாட்டுங்க.

மர்சூக்: என்ன இது, பஞ்சு பறக்குது... நான் என்ன செய்தன்?

நஸீபா: வாயை மூடுங்க, உள்ள போகுது. ஒண்டு உங்கட மீசையில.

வதனி: அசையாதீங்க ஒருத்தரும். காலைத் தூக்காதீங்க. நானா, நீங்க அப்படியே ஒத்தக்காலில நில்லுங்க.

மர்சூக்: எவ்வளவு நேரம்?

வதனி: பொறுக்கி முடியு மட்டும். நஸீபா, அலுமாரிக்கு அடியில நீ. நான் அடுப்படி. அம்மிக்குப் பின்னால ரெண்டு... இஞ்ச ஒண்டு. பால் சட்டிக்குள்ள ஒண்டு மிதக்குது.

மர்சூக்: தங்கச்சி, நான் வேணுமெண்டு செய்யல்ல.

நஸீபா: நீங்க எப்பதான் வேணுமெண்டு செய்தீங்க? எல்லாம் நல்ல மனசோடதான் செய்யிற. நல்ல மனசோடதான் எல்லாத்தையும் அழிக்கிற.

மர்சூக்: அதென்ன எல்லாத்தையும்? இந்தப் பஞ்சைத்தானே...

நஸீபா: பேசாம நில்லுங்க.

மர்சூக்: இல்ல, நீ அந்த மஞ்சள் மரத்தை நினைச்சுச் சொல்லுறாய். நீ உம்மாட கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குப் போன நேரம் நான் தண்ணி ஊத்தாம விட்டிருந்தா, "செத்துப் போக விட்டிட்டான்" எண்டிருப்பாய். ஊத்தினன். காலையில ஒரு வாளி, அந்திக்கு ஒரு வாளி. அரிசி கழுவின தண்ணியும் நல்லதெண்டு ஊத்தினன். அது அழுகிச் செத்தா நான் என்ன... ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கிறீங்க? நான் ஏதும் சொல்லிட்டனோ?

வதனி: எது அழுகிச் செத்த, நானா?

மர்சூக்: நஸீபா, தங்கச்சிக்குத் தெரியாதா?

வதனி: நஸீபா, அலுமாரிக்கு அடியில இருந்து வெளியால வா.

நஸீபா: இன்னும் ரெண்டு விதை கிடக்கு.

வதனி: கிடக்கட்டும். வா. மஞ்சள் எப்ப செத்த?

நஸீபா: ... வைகாசியில.

வதனி: நாம பூந்தூள் வெச்சது ஆனியில. ஹஜ்ஜு முடிஞ்சு மூண்டாம் கிழமை.

நஸீபா: ஓம்.

வதனி: அப்ப நீ சுறுமாக் குப்பி மூடியில கொண்டந்து தந்தியே, "பத்திரம், பத்திரம், விடிய எடுத்தது, மஞ்சள்ட தூள்" எண்டு... அது ஆர்ட தூள்?

நஸீபா: நான் சொல்லத்தான் இருந்தன். அல்லாஹ் மேல ஆணையா.

வதனி: ஆணை பிறகு. ஆர்ட தூள்?

நஸீபா: உன்ட.

வதனி: என்ட?

நஸீபா: உன்ட கேற்றடியில நிக்கிற ரோசா. சிமெந்துச் சாடியில, பன்னிரண்டு வருசமா நிக்குதே, வாறவன் போறவன் எல்லாம் துப்பிட்டுப் போறது... அதில ரெண்டு பூ. கேற்றைத் திறந்து வந்து, அதிலயே குந்தி இருந்து, பூவைக் கிழிச்சு, நடுக் குடுமிக்குள்ள இருந்த தூளைத் தங்கூசி நுனியால வழிச்செடுத்தன்.

வதனி: நான் உள்ளுக்க இருந்து "ஏன் கேற்றடியில நிக்கிறாய்" எண்டு கேட்டன். செருப்பு வார் அறுந்திட்டு எண்டாய். நான் ஊசி நூலோட ஓடி வந்தன்.

நஸீபா: நீ வாறதுக்குள்ள வாரை நானே அறுத்தன். புதுச் செருப்பு.

மர்சூக்: அந்தச் செருப்பு அப்படித்தானா அறுந்த?

நஸீபா: நீங்க பேசாதீங்க. காலைக் கீழ வெச்சாச்சு போல இரிக்கு?

மர்சூக்: கால் குறண்டிப் போச்சு.

வதனி: ஏன் நஸீபா? மஞ்சள் செத்திட்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்ல என்ன?

நஸீபா: எப்படிச் சொல்லுற? முதல் நாள் ராவு நீ போன் எடுத்தாய். "கறுப்பியில ரெண்டு பூ, நாளைக்கு விடிய வா" எண்டு. குரலே மாறிக் கிடந்திச்சு உனக்கு. நான் எடுத்த உடன சொல்லிருக்கணும். சொல்லல்ல. மறுகா யோசிச்சன், தகப்பன் ஆரா இருந்தா என்ன, தாய் கறுப்பிதானே, அவட நிறமாவது ஒண்டு ரெண்டில வரட்டும் எண்டு. காய் நிக்காது எண்டும் நினைச்சன். எத்தனை தரம் வெச்சு விழுந்திச்சு... இந்த முறை பாத்து நிண்டிட்டு. நீ ஒவ்வொரு நாளும் வந்து "இண்டைக்கு ஒரு விரல் நீளம், இண்டைக்கு ரெண்டு விரல் நீளம்" எண்டு சொல்லச் சொல்ல எனக்குச் சோறு இறங்கல்ல.

வதனி: அதோட, பாதி தா எண்டு சண்டையும் பிடிச்சாய்.

நஸீபா: பிடிக்காட்டி நீ சந்தேகப்படுவாய்.

வதனி: பதினாறு வருசம். ஒரே கவுண்டர். உன்ட வீட்டில மணலும் கல்லும் பறிச்சிருக்கு, ஆடு கட்ட இடமில்ல எண்ட உடன என்ட வளவுல கட்டு எண்டன். ஹஜ்ஜுக்கு அறுக்க வாங்கின உன்ட குர்பான் ஆட்டுக்குப் பன்னிரண்டு நாள் குழை முறிச்சுப் போட்டன்...

மர்சூக்: அது மட்டுமா? அதுக்கு வருத்தம் வந்து வாய் நுரைச்சு விழுந்த நேரம், கரித்தூளைக் கரைச்சுப் பருக்கி, மிருக வைத்தியரை நீங்களே ஸ்கூட்டியில ஏத்திக்கொண்டு வந்து, ரெண்டு நாள் பக்கத்தில இருந்து பாத்து... நான் இண்டைக்கும் ஆக்களுக்குச் சொல்லுறன், எங்கட குர்பானைக் காப்பாத்தினது வதனி எண்டு.

வதனி: அதை விடுங்க நானா. அது இப்ப எதுக்கு?

மர்சூக்: இல்ல, நன்றி மறக்கக் கூடாது.

வதனி: மறவுங்க. பரவாயில்ல. நான் சொல்ல வந்தது... நஸீபா, நீ என்னைப் பேய்க்காட்டினதும் பரவாயில்ல. நீ செய்த வேலை என்னெண்டு விளங்குதா உனக்கு? கறுப்பியும் என்ட வளவு. ரோசாவும் என்ட வளவு. ஒரே குடிக்குள்ள சம்பந்தம் செய்து வெச்சிருக்கிறாய்.

நஸீபா: ... அதை நான் யோசிக்கல்ல.

வதனி: ஊருக்குத் தெரிஞ்சா கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காரும் ஒண்டாக் கூடி விசாரிப்பினம்.

மர்சூக்: குத்தம் கட்டச் சொல்லுவாங்க.

வதனி: நான் கட்டச் சொல்லுறன். கேள். ஒண்டு, வாற மாசம் முழுக்கச் சனிக்கிழமை டியூட்டி உனக்கு.

நஸீபா: சரி.

வதனி: ரெண்டு, வட்டிலப்பம். பெருநாளுக்கு மட்டும் செய்யிற சின்னக் கிண்ணம் இல்ல. பெரிய சட்டியோட.

நஸீபா: சரி புள்ள.

வதனி: கசுக்கொட்டை போட்டு.

நஸீபா: போடுறன்.

வதனி: மூண்டு, பூத்து வாற எதுக்கும் பேர் வைக்கிறது நான்தான். நீ மூச்சுக் காட்டப்படாது.

நஸீபா: நீ வை. என்ன வேணுமெண்டாலும் வை... என்னில கோவமில்லயா உனக்கு? மெய்யாச் சொல்லு. நீ கறுப்பிய எட்டு மணித்தியாலம் பஸ்ஸில, மடியில வெச்சுக் கொழும்பில இருந்து கொண்டந்தவள். மாம்பழத்தைக் கூட இறக்கிக் கீழ வெச்சிட்டு அதை மட்டும் மடியில வெச்சிருந்தாய் எண்டு சொன்னாய். அவக்கு வந்த ஒரே ஒரு காயை நான்...

வதனி: அழாத. ஏய். நஸீபா... அழுதா விதை நனையும்.

நஸீபா: ஹஸீனாக்கு என்ன சொல்லுவன்? சஹ்லாட வாசலுக்கு என்னத்தை வைப்பன்? கறுப்பு மஞ்சள் எண்டு சொல்லி, துப்புற சாடியில நிண்ட ரோசாட பிள்ளையக் கொண்டு போய் வைக்கவா?

மர்சூக்: எனக்கு எண்டா எல்லாம் பூதான்.

நஸீபா: உங்களுக்குத் தண்ணி வாளியும் பூதான்.

வதனி: இஞ்ச கேள். நான் ஒரு வழி சொல்லுறன். அந்த ரோசாவையே கொண்டு போ.

நஸீபா: எதை?

வதனி: கேற்றடியில நிக்கிற ரோசாவை. சாடியோட. விதைக்கண்டு எப்ப பூக்குமோ, என்ன நிறமோ. அது பன்னிரண்டு வருச மரம். அடி பாத்தியா, யானைக்கால் மாதிரி, என்ட ரெண்டு கையும் எட்டாது. கொப்பை வெட்டி விட்டா ஒரே நேரத்தில இருநூறு பூப் பூக்கும். கல்யாணத்தண்டு பூக்கிற மாதிரி நான் கணக்குப் பாத்து மாசியில வெட்டித் தாறன். கறுப்பு மஞ்சளை ஹஸீனா ஒரு கிழமையில மறந்திடுவா.

நஸீபா: நீ உன்ட கேற்றடி மரத்தைத் தாறியா? நீயா?

வதனி: மாப்பிள்ளைதானே அவன். மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போறது முறைதானே. சஹ்லாட வீட்டுக்குப் போகட்டும்.

மர்சூக்: பாத்தியா நஸீபா? நான் அண்டைக்கே சொன்னன், சொல்லிடு, வதனி கோவிக்கிற ஆளில்ல எண்டு. இப்படி ஒரு மனசு ஆருக்கு வரும்.

நஸீபா: வராது. நான் செய்த வேலைக்கு வேற ஆளெண்டா முகத்திலயே முழிக்க மாட்டாள். நீ சனிக்கிழமை டியூட்டியும் வட்டிலப்பமும் கேட்டிட்டு மரத்தையும் தாறாய்... எனக்கு வெக்கமா இரிக்கு.

வதனி: வெக்கப்படாத. போதும். பேச்சை விடு. விதையை எண்ணு.

நஸீபா: இல்ல. இப்பவே ஹஸீனாக்கு உண்மையைச் சொல்லிடுறன், எழுதிப் போடுறன். "மஞ்சள் செத்திட்டு, தாய் மட்டும்தான் கறுப்பி, இதுதான் அவ" எண்டு, நீ ஆடியில அனுப்பின படத்தையும் சேத்து அனுப்புறன். அவ பாக்கட்டும், என்ட வதனிட மரம் எப்படிப்பட்டதெண்டு.

வதனி: படம் எதுக்கு? எழுத்து மட்டும் காணும்.

நஸீபா: இந்தா கிடக்கு. "காய் ஒரு விரல், பூ இன்னும் நிக்குது" எண்டு எழுதி அனுப்பினாய். பாருங்க, இது எவ்வளவு கறுப்பு. கத்தரிக்காய்க் கறுப்பு.

மர்சூக்: தா பாப்பம். கண்ணாடி இல்லாம... இரி, பெருசாக்கிப் பாப்பம். ஓம், வடிவுதான். இதென்ன, மூலையில?

நஸீபா: எந்த மூலையில?

மர்சூக்: வலப்பக்கம், கீழால. காது.

நஸீபா: என்ன காது?

மர்சூக்: ஆட்டுக்காது. நுனியில வெட்டு இருக்கு. நான் ஓட்டமாவடிச் சந்தையில வாங்கின நேரமே அந்த வெட்டுக் கிடந்திச்சு, குர்பானுக்குச் சரிவருமா எண்டு மௌலவிட்டக் கேட்டு, "சின்ன வெட்டு, பரவாயில்ல" எண்ட பிறகுதானே வாங்கினன். இது நம்மட ஆடு.

நஸீபா: நம்மட ஆடு எப்படி நிக்கும்? இந்தப் படம் ஆடியில எடுத்தது. ஆடு ஹஜ்ஜோட...

மர்சூக்: அதான் நானும் கேக்கிறன்.

வதனி: தேத்தண்ணி ஊத்தட்டா?

நஸீபா: வதனி.

வதனி: பிளேன்ரீயா, பாலா? பாலுக்குள்ள ஒரு விதை விழுந்தது, வடிச்சிடலாம்...

நஸீபா: வதனி, இது எப்ப எடுத்த படம்?

வதனி: வைகாசியில. ஆடு வந்த அண்டைக்குப் பின்னேரம்.

நஸீபா: ஏன் பழைய படத்தை அனுப்பினாய்? புதுசா ஒண்டு எடுத்திருக்கலாமே. நீதானே நாளுக்கு நாலு தரம் சிலாப்பில ஏறுறாய்.

வதனி: எடுக்கலாம்... எடுத்தா நிறம் சரியா விழாது.

மர்சூக்: தங்கச்சி, நான் ஒண்டு கேக்கட்டா? ஆட்டுக்கு வருத்தம் வந்தது, கட்டின ரெண்டாம் நாள். நாங்க வயித்துப் பொருமல் எண்டு நினைச்சம். நீங்க மட்டும் எங்களைக் கேக்காமலே கரித்தூளைக் கரைச்சீங்க. கரித்தூள் நஞ்சு திண்டாத்தானே பருக்கிற?

வதனி: ... அடீனியத்துட பால் நஞ்சு, நானா.

நஸீபா: அப்ப மரத்தைச் சிலாப்பில ஏத்தினது ஆட்டுக்கு எட்டாமயா?

வதனி: மிச்சத்தை ஏத்தினன்.

நஸீபா: மிச்சமா?

வதனி: கறுப்பி ஒட்டுக்கண்டுதானே. ஒட்டுக்கு மேல இருந்ததெல்லாம் போயிட்டு. ஒட்டுக்குக் கீழால, கிள்ளி எறிய மறந்த ஒரு கொப்பு நிண்டிச்சு. அது அடிமரத்துட கொப்பு. அதில வந்த பூவிலதான் நீ தந்த தூளை நான் தனிய ஏறிப் போய் வெச்சன்.

நஸீபா: அது என்ன நிறம்?

வதனி: ரோசா.

மர்சூக்: அப்ப தாயும் ரோசா, தகப்பனும் ரோசா.

வதனி: சொல்லத்தான் இருந்தன். ஹஜ்ஜுக்குப் பத்து நாள்தான் கிடக்கு, சொன்னா நீ ஆட்டையும் பாத்து அழுவாய், என்னையும் பாத்து அழுவாய். பெருநாள் முடியட்டும் எண்டு விட்டன். மறுகா நீ ஒவ்வொரு நாளும் "பூத்ததா, பூத்ததா" எண்டு கேட்டாய். ஒரு பக்கத்தால உன்ட மஞ்சளாவது வரட்டும் எண்டு நினைச்சுத்தான்...

நஸீபா: சனிக்கிழமை டியூட்டி நான் செய்ய மாட்டன்.

வதனி: நான் செய்யிறன்.

நஸீபா: வட்டிலப்பமும் இல்ல.

வதனி: சின்னக் கிண்ணம்?

நஸீபா: ரோசா மரம் என்ட. சாடியோட.

வதனி: அது எப்பவோ தந்தாச்சு.

நஸீபா: பேரும் நான்தான் வைப்பன். எழுபத்தியெட்டுக்கும்.

மர்சூக்: எழுபத்தியேழு. ஒண்டை நான் விழுங்கிட்டன் போல இரிக்கு.

நஸீபா: சிரிக்காதீங்க. நீயும் சிரிக்காத. நான் கோவமா இரிக்கன்... ஏய், சிரிப்புக் காட்டாதடி. அப்ப கறுப்பியில ஒரு கொப்பு, ஒரு இலை, ஒண்டுமே மிஞ்சல்லயா? கறுப்பி எங்கதான் போனா?

வதனி: ஹஜ்ஜுக்கு மத்த நாள் நீதானே புள்ள குர்பான் பங்கு எண்டு ஒரு பெட்டியில போட்டுக் கொண்டந்து தந்தாய். நான் நல்லாத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினன். நீயும் இந்த மேசையில இருந்துதான் திண்டாய், "உறைப்புக் கொஞ்சம் காணாது" எண்டும் சொன்னாய்.